கிரீட் தீவில் ஒரே நாளில் க்னோசோஸ் இடிபாடுகளும் பானைப் பட்டறையும்: போகலாமா?

கடற்காகம்:

வணக்கம். மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு கிரீஸ் போகிறோம். அதில் நான்கு நாள் கிரீட் தீவு. தங்குவது ஹெராக்லியோன் நகரில். அங்கே வழிகாட்டியோடு போகும் ஒருநாள் பயணம் ஒன்று கண்ணில் பட்டது. காலை எட்டரைக்கு விடுதியில் வந்து ஏற்றிக்கொள்வார்கள். க்னோசோஸ் அரண்மனை இடிபாடுகளில் இரண்டு மணி நேரம், பிறகு சாப்பாடு, அப்புறம் த்ராப்ஸானோ என்ற குயவர் ஊரில் ஒன்றரை மணி நேரம் பானை வனையும் பயிற்சி. ஐந்து மணிக்குத் திரும்பிவிடலாம். ஆளுக்கு 95 யூரோ சொல்கிறார்கள், நுழைவுச்சீட்டு தனி.

நாங்கள் நான்கு பேர். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் தொல்லை உண்டு. மகளுக்கு 11. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் இரண்டுமே அரைகுறையாகப் போய்விடாதா? க்னோசோஸ் ஊரிலிருந்து 5 கிலோமீட்டர்தான், நகரப் பேருந்திலேயே போகலாம் என்கிறார்கள். பானைப் பயிற்சி ஏதோ பின்னால் ஒட்டவைத்த வால் மாதிரி தெரிகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெற்றிக்கண்:

பணத்தை மிச்சம் பிடியுங்கள். க்னோசோஸில் பாதி 3,500 வருடப் பழசு, மீதி 1920களின் சிமெண்ட். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் தோண்டியதோடு நிற்காமல் மாடி எழுப்பி, சிவப்புத் தூண் நட்டு, சுவரில் படமும் வரைய வைத்துவிட்டார். பானைப் பட்டறை அதைவிட மோசம். மின்சக்கரத்தில் உங்கள் கையைப் பிடித்து அவர்களே ஒரு கிண்ணம் செய்வார்கள், நீங்கள் படம் எடுத்துக்கொள்வீர்கள். முடிந்தது கதை.

சுடுமண்:

சிமெண்ட் விஷயத்தில் நெற்றிக்கண்ணோடு சண்டை இல்லை. பானை விஷயத்தில் இருக்கிறது. நான் பொழுதுபோக்காகப் பானை வனைகிறவன், த்ராப்ஸானோவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன்.

க்னோசோஸின் மேற்குப் பக்கத்தில் நீளமான, குறுகலான பண்டகசாலை அறைகள் வரிசையாக 18 இருக்கின்றன. அவற்றில் ஆள் உயரத்துக்குத் தாழிகள் நிற்கும். எண்ணெய், ஒயின், தானியம் சேமித்தவை. கிரேக்கத்தில் பித்தோஸ் என்பார்கள், நமக்குத் தாழி என்றாலே போதும், குலுக்கை பார்த்தவர்களுக்கு இன்னும் சுலபம். முதல் முறை போனபோது வழிகாட்டி அந்த இடத்தை மூன்றே நிமிடத்தில் கடத்திவிட்டார். எல்லோருக்கும் சிம்மாசன அறைக்கு ஓடுகிற அவசரம்.

அவ்வளவு பெரிய தாழியை எப்படிச் செய்வது? ஒரே மூச்சில் முடியாது. ஈர மண் தன் பாரத்தைத் தானே தாங்காமல் உட்கார்ந்துவிடும். த்ராப்ஸானோ குயவர்களின் வழி இது: நீண்ட பள்ளம் வெட்டி அதில் தாழ்வான சக்கரங்களை வரிசையாக நடுவார்கள். முதல் சக்கரத்தில் ஒரு தாழியின் அடிப்பாகம். அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சக்கரத்தில் அடுத்த தாழியின் அடிப்பாகம். இப்படியே வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பி வருவதற்குள் முதலாவது கொஞ்சம் இறுகியிருக்கும். அதன் மேல் கனமான மண் வளையம் ஒன்றை வைத்து, இணைத்து, இழுத்து உயர்த்துவார்கள். மறுபடி அடுத்தது. சக்கரத்தைச் சுற்ற ஓர் உதவியாள் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பார். வெயிலும் காற்றும்தான் வேலையின் வேகத்தை முடிவுசெய்யும். அதிகம் காய்ந்தால் அடுத்த வளையம் ஒட்டாது, காயாவிட்டால் எல்லாம் சரிந்துவிடும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் இந்த ஊர்க் குயவர்கள் கோடையில் குழுக் குழுவாகத் தீவெங்கும் போய், போன இடத்திலேயே மண் எடுத்து, சூளை கட்டி, தாழி செய்து கொடுத்துவிட்டு வருவார்கள். மலைப்பாதையில் கழுதை மேல் தாழியை ஏற்றிப் போவதைவிடக் குயவர் நடந்து போவது சுலபம் அல்லவா!

ஆகவே பட்டறையில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். தாழி கட்டும் பள்ளத்தைக் காட்டுவார்கள் என்றால் போங்கள். வெறும் கிண்ணம் மட்டும் என்றால் நெற்றிக்கண் சொன்னதுதான்.

கடற்காகம்:

நன்றி சுடுமண். கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். மகள் செய்வதை அன்றே கையோடு கொண்டுவர முடியுமா? அம்மாவால் க்னோசோஸ் நடக்க முடியுமா?

இரட்டைவால்குருவி:

இரண்டு பிள்ளைகளோடு போனவள் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

கையோடு கொண்டுவர முடியாது, அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். வனைந்த மண் நிழலில் பல நாள் காய வேண்டும். பிறகு சூளையில் 900 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு சுட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும். சுடாமல் எடுத்து வந்தால் பெட்டியில் பொடிதான் மிஞ்சும், தண்ணீர் பட்டால் சேறு. பட்டறையிலேயே சுட்டு அஞ்சலில் அனுப்பச் சொல்வதுதான் வழி.

எங்களுக்கு அதில்தான் வயிற்றெரிச்சல். பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள், பெயர் வேண்டாம், ஆறு வாரத்தில் அனுப்புகிறோம் என்றார்கள். நான்கு மாதம் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். கடைசியில் வந்த பெட்டியில் இருந்தது எங்கள் கிண்ணமே இல்லை, வேறு யாரோ செய்த பூச்சாடி. என் மகன் ஒரு வாரம் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே மண் ஈரமாக இருக்கும்போதே அடியில் பெயரைக் கீறிவிடுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் கட்டணம் எவ்வளவு, யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். காய்ந்து சுட்டபின் பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்கும் என்பதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "இது என்னுடையது இல்லை" என்று வேறு அழுகை.

அம்மா விஷயம்: தரை மேடு பள்ளமான கல், சில இடத்தில் மரப்பாதை. படிகள் உண்டு, நிழல் குறைவு. கைத்தடி இருந்தால் நல்லது. நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். அதாவது பட்டறைக்கு.

நெற்றிக்கண்:

சுடுமண் சொல்வது பழைய த்ராப்ஸானோ. இன்றைக்கு விளம்பரத்தைப் பாருங்கள்: "4,000 ஆண்டு மினோவன் முறையில் உங்கள் கையால்". மினோவன் என்றால் க்னோசோஸைக் கட்டிய வெண்கலக் காலத்து மக்கள். உள்ளே போனால் மின்சாரச் சக்கரம், மின்சூளை, அக்ரிலிக் வண்ணத்தில் ஓர் ஆக்டோபஸ். புராணத்தில் க்னோசோஸை ஆண்ட மினோஸ் ராஜா என்ன மின்கட்டணமா கட்டினார்?

சுடுமண்:

சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். பள்ளத்தில் தாழி கட்டும் முறை கிரீட்டில் நெடுங்காலமாக இருந்தது உண்மை, ஆனால் அது வெண்கலக் காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. "மினோவன் முறை" என்பது சுவரொட்டிக்கான பேச்சு.

மினோவன் குயவர்கள் செய்தது இன்னும் சுவாரசியம். கிரீட்டுக்குக் குயவர் சக்கரம் வந்தது ஏறத்தாழ கி.மு. 1900 வாக்கில். வந்த உடனே எல்லோரும் இன்றைக்கு நாம் செய்வதுபோல ஒரே உருண்டையிலிருந்து பானையை எழுப்பிவிடவில்லை. பல கலங்களை மண் திரியைச் சுற்றிச் சுற்றிக் கட்டியபின், சக்கரத்தில் வைத்துச் சுழற்றி மெருகேற்றினார்கள். வெளியே பார்த்தால் சக்கரத்தில் வனைந்தது போலவே இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் உள்ளே திரியின் இணைப்பு தெரியும்.

ஹெராக்லியோன் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு வேலை செய்யுங்கள். கூம்பு வடிவத்தில், கைப்பிடி இல்லாமல், பூவேலை எதுவும் இல்லாமல் சின்னச் சின்னக் கோப்பைகள் இருக்கும். மினோவன் இடங்களில் ஆயிரக்கணக்கில் கிடைத்தவை, யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். கவிழ்த்து வைத்த ஒன்றைத் தேடிப்பிடித்து அதன் அடியைப் பாருங்கள். சுருள் சுருளாகக் கோடு ஓடும். சுற்றும் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுத்த தடம் அது. பட்டறையில் உங்கள் மகளுடைய கிண்ணத்தையும் நூலால்தான் அறுத்துத் தருவார்கள், மின்சக்கரமாகவே இருந்தாலும். அதே தடம் விழும். எனக்கு ஆக்டோபஸ் படத்தைவிட அந்தக் கோடு பெரிது.

ஓட்டாஞ்சில்லு:

தொல்லியல் படிக்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

க்னோசோஸ் என்றாலே எவன்ஸ் 1900இல் தோண்டினார் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்பே 1878இல் ஹெராக்லியோன்காரரான மினோஸ் கலோகைரினோஸ் அங்கே தோண்டிவிட்டார். அவர் போய் இறங்கியது சுடுமண் சொன்ன அதே பண்டகசாலையில். முதலில் வெளியே வந்தவை தாழிகள்தான். அவற்றில் சிலவற்றை அவர் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிவைத்தார். ஆகவே பானை வால் இல்லை கடற்காகம், அந்த இடத்தின் தலையே அதுதான்.

எவன்ஸுக்குக் கிடைத்த எழுத்துப் பலகைகளும் மண்தான். லீனியர் பி என்ற பழங்கால எழுத்தில் ஆடு எத்தனை, எண்ணெய் எவ்வளவு என்று எழுதிய கணக்குகள். அவற்றை யாரும் சுடவில்லை, வெயிலில் காயவைத்ததோடு சரி. அரண்மனை தீப்பற்றி எரிந்தபோது பலகைகளும் சேர்ந்து சுட்டுவிட்டன, அதனால்தான் மிஞ்சின. தீ வராமல் இருந்திருந்தால் கரைந்து போயிருக்கும். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்து, மொழி கிரேக்கம் என்று காட்டினார். அதற்கு முந்திய லீனியர் ஏ இன்னும் பிடிபடவில்லை. அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபைஸ்டோஸ் வட்டு வேறு வகை: ஈர மண்ணில் முத்திரைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிறகு சுட்டது. 1908இல் கிடைத்தது. பட்டறைக்குப் போய்வந்த கையோடு அதைப் பார்த்தால் விரல் தானாக அழுத்திப் பார்க்கும்.

நெற்றிக்கண்ணுக்கு: எவன்ஸைத் திட்டுவது சுலபம், சுவரோவியங்கள் விஷயத்தில் நானும் திட்டுவேன். லில்லி இளவரசன் என்று கொண்டாடும் ஓவியம் வேறு வேறு உருவங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் சிமெண்ட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. பழைய தூண்கள் மரம். மரம் எரிந்தும் மக்கியும் போய்விட்டதால், பெரிய படிக்கட்டைத் தோண்டத் தோண்ட மேல்தளம் தலைமேல் விழும் நிலை. முதலில் அவரும் மரத்தால்தான் முட்டுக்கொடுத்தார், அது மழையில் உளுத்துப்போனது. சிமெண்ட் போட்ட இடங்கள் 1926 நிலநடுக்கத்தைத் தாங்கின. பண்டகசாலையில் அந்தக் கேள்வியெல்லாம் குறைவு, அதற்காகவே எனக்கு அந்த மூலை பிடிக்கும்.

புதுவெள்ளம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வேறொரு கிரேக்க இடிபாட்டில் என் கால் பக்கத்தில் கட்டைவிரல் அளவு பானை ஓடு கிடந்தது. எடுத்து வந்துவிட்டேன், அலமாரியில் இருக்கிறது. அது அவ்வளவு பெரிய தப்பா? அங்கே லட்சம் கிடக்கிறதே!

ஓட்டாஞ்சில்லு:

தப்புதான். கிரீஸில் சட்டப்படி பழம்பொருட்கள் அரசுக்குச் சொந்தம், நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம். சட்டத்தை விடுங்கள். ஓடு கிடந்த இடம்தான் அதன் அடையாள அட்டை. உங்கள் அலமாரிக்கு வந்தவுடன் அது வெறும் சில்லு. கிரேக்கத் தூதரகத்துக்கு எழுதி, திருப்பி அனுப்பும் வழியைக் கேளுங்கள்.

புதுவெள்ளம்:

சரி. எழுதுகிறேன்.

மலைத்தேன்:

கூட்டம் பிடிக்காது என்றால் வேறு ஜோடி ஒன்று இருக்கிறது. ரெதிம்னோ பக்கம் எலெஃப்தெர்னா இடிபாடுகளும் மார்கரிதெஸ் குயவர் ஊரும். சில கிலோமீட்டர் இடைவெளிதான். எலெஃப்தெர்னாவில் 2016இல் திறந்த நல்ல அருங்காட்சியகம், ஒலிவ மரங்களுக்கு நடுவே பழைய இடுகாடு. க்னோசோஸ் அளவுக்கு நெரிசல் கிடையாது. ஆனால் ஹெராக்லியோனில் தங்கினால் தூரம்.

இரட்டைவால்குருவி:

அதுதான் சிக்கல். 11 வயதுப் பிள்ளைக்கு க்னோசோஸ் கதையில் வரும் காளைத்தலை அரக்கன் மினோட்டாரும் அவனுடைய புதிர்க்கோட்டையும் வேண்டும், இடுகாடு வேண்டாம்.

சுடுமண்:

கடற்காகம், பதிவு செய்யும் முன் ஒன்று. எல்லாப் பயணத்திலும் காலை இடிபாடு, மதியம் மண். வெயிலுக்கும் கூட்டத்துக்கும் அது சரி. கண்ணுக்கு அது தப்பு. முதலில் மண்ணைத் தொட்டுவிட்டு அப்புறம் தாழியைப் பார்க்க வேண்டும். கோடையில் க்னோசோஸ் மாலை வரை திறந்திருக்கும். சாயங்காலம் பேருந்துக் கூட்டங்களும் போயிருக்கும். வரிசையை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓட்டாஞ்சில்லு:

இதில் நான் உடன்படவில்லை. முழு நாள் அலைந்தபின் சாயங்காலம் 66 வயது அம்மாவை அந்தப் படிகளில் ஏற்றுவது நியாயமா? வழிகாட்டியின் மூளையும் காலையில்தான் நன்றாக வேலை செய்யும்.

இரட்டைவால்குருவி:

நடுவில் மூன்று மணி நேரம் விடுதியில் படுத்து எழுந்தால் எல்லோர் மூளையும் வேலை செய்யும். த்ராப்ஸானோ ஹெராக்லியோனிலிருந்து 30 கிலோமீட்டர் போலத்தான். அவர்களிடம் கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

கடற்காகம்:

கேட்டேன். குழுப் பயணத்தில் மாற்ற முடியாதாம். நான்கு பேருக்குத் தனி வண்டி என்றால் மாற்றலாம், மொத்தத்தில் 70 யூரோ கூடுதல். பட்டறையில் பள்ளச் சக்கரத்தைக் காட்டுவார்களாம், ஆனால் நாங்கள் வனைவது மின்சக்கரத்தில். க்னோசோஸில் உரிமம் பெற்ற வழிகாட்டி தனியாக வருவார். சீட்டு எடுத்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் திரும்பி வந்தபின் திட்டுங்கள்.

கடற்காகம்:

திரும்பி வந்துவிட்டோம். கடன் தீர்க்க வேண்டும் அல்லவா, எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்குப் பட்டறை. குயவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதே பெரிய பாடு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! இரண்டு கையாலும் அமுக்கினால் அது என்னைத் தள்ளிவிடுகிறது. என் கணவருடையது எழும்பிப் பூவாக விரிந்து பறந்தே போனது. மகள் மட்டும் ஒரு கோப்பையை முடித்தாள், பெரும்பாலும் அவளே செய்தது. அம்மா சக்கரத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லி, ஓரமாக உட்கார்ந்து மண் பிசைந்து கொடுத்தார். கோப்பையைக் குயவர் நூலால் அறுத்தபோது, சக்கரத்தை நிறுத்தாமல் அறுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்படியே செய்தார்.

பிறகு பின்கட்டில் அந்தப் பள்ளம். அன்று தாழி கட்டவில்லை, ஆனால் அவர் ஒரு மண் வளையத்தைத் திரட்டி என் கணவர் கையில் கொடுத்தார். தூக்கித் தோளுயரத்தில் வைத்துப் பிடி என்றார். ஒரு நிமிடம் தாங்கவில்லை. ஒரு தாழிக்கு இப்படி எத்தனை என்று மகள் கேட்டாள். அவர் தன் மார்பு வரை கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

விடுதியில் தூங்கி எழுந்து, ஐந்தேகாலுக்கு க்னோசோஸ். வழிகாட்டி நல்ல பெண்மணி. பண்டகசாலைக்கு வந்ததும் வழக்கம்போல நகரப் பார்த்தார். அம்மா நகரவில்லை. "இவ்வளவு குறுகல் வழியில் இதை எப்படி உள்ளே கொண்டுவந்தார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எங்களுக்கு யாருக்கும் தோன்றவில்லை. வழிகாட்டி திரும்பி வந்து, தாழிகளில் மேலும் நடுவிலும் கீழும் அடுக்கடுக்காக இருக்கும் கைப்பிடிகளைக் காட்டினார். அவற்றில் கயிறு கோத்துத் தூக்கவும் சாய்க்கவும் செய்திருப்பார்கள் என்றார். தாழியின் மேலேயே கயிறு சுற்றியதுபோல மண்ணில் வேலைப்பாடு ஓடுகிறது. அதன் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. எண்ணெய்ப் பண்டகசாலை தீப்பற்றினால் என்ன ஆகும், கருகிய கல் எது என்றெல்லாம். நிமிர்ந்து பார்த்தால் அந்த மூலையிலேயே அரை மணி நேரம் போயிருக்கிறது. சிம்மாசன அறைக்கு வரிசை இருந்தது, விட்டுவிட்டோம். ஓட்டாஞ்சில்லு பயந்ததுபோல அம்மாவுக்குப் படிகள் கஷ்டமாகத்தான் இருந்தன. பெரிய படிக்கட்டுப் பக்கம் அவர் இறங்கவில்லை, கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அருங்காட்சியகம். கமாரெஸ் என்ற வகை மினோவன் பாண்டங்களைப் பற்றி யாரும் ஏன் முன்பே சொல்லவில்லை? கறுப்புப் பின்னணியில் வெள்ளையும் சிவப்புமாகச் சுழலும் கோலம், சிலவற்றின் சுவர் முட்டை ஓடு போல மெல்லிசு. முந்தின நாள் என் கையில் அரை அங்குலத் தடிப்பில் ஆடிய கிண்ணத்தை நினைத்துக்கொண்டேன்.

குறை என்றால், சாப்பாட்டுக்கு நிறுத்திய இடம் சுமார். அஞ்சல் கட்டணம் 38 யூரோ, கோப்பையின் மதிப்பைவிட அதிகம்.

நெற்றிக்கண்:

சிமெண்ட் தூணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை?

கடற்காகம்:

பார்த்தோம். அம்மா தட்டிப் பார்க்கப் போனார், காவலாளி விசில் ஊதிவிட்டார்.

சுடுமண்:

கோப்பை வந்ததும் அடியைப் பார்த்துச் சொல்லுங்கள். சுருள் கோடு விழுந்திருக்கிறதா?

கடற்காகம்:

ஐந்து வாரம் கழித்து நேற்று வந்தது. எங்களுடையதேதான், விரிசல் இல்லை, நிறையவே சுருங்கியிருக்கிறது. கோடு விழுந்திருக்கிறது. ஆனால் இரட்டைவால்குருவி சொன்னார் என்று மகள் அதன் மேலேயே தன் பெயரைப் பெரிதாகக் கீறிவிட்டாள். ஓரத்தில் கால்வாசிச் சுருள்தான் மிச்சம்.